ஓலையைப் படித்தவர் யார்?

'ஷூரா' என்னும் அரபிச் சொல்லைக் கலந்தாலோசனை என்று தமிழாக்கிப் பழகிவிட்டோம். ஊர் வழக்கில் 'மஷ்வரா' என்போம். இவ்விரு சொற்களுக்கும் வேர் ஷீன், வாவ், ரா என்னும் மூன்றெழுத்து. அரபி அகராதிகளைப் புரட்டுவோர், தேன்கூட்டிலிருந்து தேன் எடுத்தலுக்கும் அரபிகள் இவ்வேரிற் பிறந்த வினையையே ஆண்டிருப்பதைக் காண்பர். ஈக்கள் கொட்டுவதைப் பொறுத்துக்கொண்டு, கூட்டினுள் மறைந்திருக்கும் தேனை வெளிக்கொணர்வது எதுவோ, அதுவே மஷ்வரா. ஈக்களை எண்ணிக் கணக்கெழுதுவது மஷ்வரா ஆகாது. கூடு எத்துணைப் பெரிது என்று ஊருக்குப் பறைசாற்றுவதும் மஷ்வரா ஆகாது.

இதை இங்கே நினைவூட்டக் காரணம் உண்டு. இன்று அரசாங்கங்கள் கணிப்பொறியையும் கைப்பேசியையும் கொண்டு மக்களிடம் கருத்துக் கேட்கின்றன. நம் நாட்டிலும் 2014 ஜூலை 26 அன்று 'மைகவ்' என்னும் இணையத்தளம் அதற்கென்றே திறக்கப்பட்டது. மசோதாக்கள் மீதும், விதிகள் மீதும், திட்டங்கள் மீதும் மின்னஞ்சலில் கருத்து அனுப்புக என்ற அறிவிப்புகள் வந்தவண்ணம் இருக்கின்றன. மக்களாட்சி மக்களின் உள்ளங்கைக்கே வந்துவிட்டதெனப் பலர் மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சியை நான் மறுக்கிறேன். கேட்டவர் விடை சொல்லக் கடமைப்படாத வரையில் அது ஈக்களை எண்ணும் வேலையே. இக்குற்றத்தில் ஆள்வோர்க்குப் பெரும்பங்கு உண்டு. நமக்கும் ஒரு பங்கு உண்டு. இரண்டையும் ஒளிக்காமல் சொல்லவே எழுதுகிறேன்.

ஒரு ஜும்ஆவுக்குப் பின்

2024 செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும்போது, என்னிடம் மக்தபில் ஓதிய இளைஞர் ஒருவர் வழிமறித்தார். அவருக்குப் பின்னால் சுவரில் 'க்யூ.ஆர். கோடு' என்னும் கறுப்புவெள்ளைச் சதுரம் ஒட்டப்பட்டிருந்தது.

"ஹஜ்ரத், ஃபோனைக் கொஞ்சம் தாங்க" என்றார். தந்தேன். சதுரத்தின்மேல் காட்டினார்; இரண்டு முறை தட்டினார்; திருப்பித் தந்துவிட்டார்.

"வக்ஃபு மசோதாவுக்கு எதிர்ப்பு மடல், ஹஜ்ரத். உங்க பேர்ல போயிடுச்சு."

"அதில் என்ன எழுதியிருக்கிறது, தம்பி?"

"இங்கிலீஷ்ல இருக்கு ஹஜ்ரத். நம்ம தரப்பு நியாயமெல்லாம் பெரியவங்களே எழுதிட்டாங்க."

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கடமை முடிந்ததென்ற நிறைவோடு வீடு சேர்ந்தேன். செய்தியைச் சொன்னபோது என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "எங்க உம்மா அடங்கியிருக்கிற மையவாடியைப் பத்தி எழுதினீங்களா?"

எனக்கு விடையில்லை. எங்கள் ஊரின் பழைய மையவாடிக்குப் பத்திரம் கிடையாது. வாய்ச்சொல்லாய்க் கொடுத்தார்கள், மூன்று தலைமுறையாய் ஜனாஸாக்கள் அங்கே அடங்குகின்றன. அதுவே அதன் சாசனம். இத்தகையவற்றைப் 'பயன்பாட்டால் வக்ஃபு' என்று சட்டம் 1954 முதல் ஏற்றுக்கொண்டிருந்தது. 2024 ஆகஸ்டு 8 அன்று மக்களவையில் வைக்கப்பட்ட திருத்த மசோதா அந்த ஏற்பை நீக்கிற்று. இந்த ஒரு மையவாடியின் கதையை, அடங்கியிருப்போரின் பெயர்களோடு, என்னால் தமிழில் எழுதியிருக்க முடியும். என் பெயரில் தில்லி சென்ற மடலில் அக்கதை இல்லை. அதில் என்ன இருந்ததென்பதே எனக்குத் தெரியாது!

எண்ணிக்கையின் வரலாறு

நடந்ததை வரிசைப்படுத்திப் பார்ப்போம். மசோதாவை ஆராய நாடாளுமன்றக் கூட்டுக்குழு அமைந்தது. அது பொதுமக்களின் கருத்தை வேண்டி விளம்பரம் தந்தது. 15 நாளுக்குள் அனுப்புக. அஞ்சலிலோ மின்னஞ்சலிலோ அனுப்புக. ஆங்கிலத்திலோ இந்தியிலோ அனுப்புக என்பன நிபந்தனைகள். வந்து குவிந்தவை, அஞ்சலும் மின்னஞ்சலும் சேர்த்து, 97,27,772 என்று பின்னர் அரசு அறிவித்தது. குழு 36 முறை கூடியது. 2025 ஜனவரி இறுதியில் 15க்கு 11 என்ற வாக்கு வேறுபாட்டில் அறிக்கையை ஏற்றது. ஏப்ரல் தொடக்கத்தில் மசோதா மக்களவையில் 288க்கு 232 என்றும், மாநிலங்களவையில் 128க்கு 95 என்றும் நிறைவேறியது. ஏப்ரல் 5 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிட்டியது.

நேர்மை கருதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குழு எதையுமே மாற்றவில்லை என்பது உண்மையன்று. சட்டம் நடைமுறைக்கு வருமுன் பதிவாகியிருந்த 'பயன்பாட்டால் வக்ஃபு'கள், வழக்கிலோ அரசு நிலத்திலோ இல்லாதவரை, வக்ஃபாகவே நீடிக்கும் என்ற திருத்தம் இடையில்தான் சேர்ந்தது. ஆனால் பதிவேட்டில் ஏறாமலே வாழ்ந்துவந்த சிற்றூர் மையவாடிகளின் கதி என்ன? எங்கள் மையவாடி ஏட்டில் ஏறியிருக்கிறதா என்பது முத்தவல்லிக்கே தெளிவில்லை. அந்த ஓர் இடைவெளியைச் சுட்டிக்காட்ட வல்ல சாட்சியம் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்தது. கேட்டவர்கள் அதைப் பெறும் வழியை வைக்கவில்லை. கொடுக்க வேண்டிய நானும் கொடுக்கவில்லை.

97 இலட்சம் என்ற எண்ணைப் பின்னர் மேடைகளில் கேட்டோம். இத்துணைப் பேரிடம் கலந்தோம் என்று ஒரு சாரார் பெருமை பேசினர். இத்துணைப் பேர் எதிர்த்தோம் என்று மறு சாரார் பெருமை பேசினர். இருசாராரும் கூட்டின் அளவைப் பேசினரேயன்றித் தேனைப் பேசினரில்லை.

குடத்தில் இட்ட ஓலை

நமது அரசு நம் மார்க்கத்தின் ஷூராவுக்குக் கட்டுப்பட்டதன்று. ஆகவே இந்த மண்ணின் சாட்சியையே அழைக்கிறேன். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன; ஆண்டு 919, 921. குடவோலை முறையை அவை விரித்துரைக்கின்றன. முப்பது குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவர். விவரமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலை எடுப்பிப்பர். இதுவரையில் பள்ளிப் புத்தகமே சொல்லும். அடுத்து நடப்பதைத்தான் நாம் கவனிப்பதில்லை. எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கிய ஓலையை உரக்க வாசிக்க வேண்டும். பின்னர் அங்கிருந்த நம்பிமார் அனைவரும் அதை வாசிக்க வேண்டும்.

அம்முறையில் நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே இடமிருந்தது. அதை நான் பொற்காலமென்று புகழ வரவில்லை. ஆனால் ஓலை குடத்தில் விழுவதோடு நியாயம் முடிவதில்லை, ஊரறியப் படிக்கப்படும்போதே முடிகிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். விரித்த கையில் வாங்கு என்றதன் கருத்து, மறைத்து மாற்றாதே என்பது. ஆயிரத்து நூறு ஆண்டுக்குப் பின், குடம் மட்டும் கடலளவு பெருத்துவிட்டது. விரித்த கை எங்கே? உரக்கப் படிக்கும் குரல் எங்கே?

காதுக்குக் கசக்கும் சொல்லையும் பொறுத்துக் கேட்கும் வேந்தன் நிழலிலேயே உலகம் தங்கும் என்பது வள்ளுவர் கொண்ட கருத்து. கேட்டதாகக் கணக்குக் காட்டும் வேந்தனைப் பற்றி அவர் பேசவில்லை. அத்தகைய வேந்தன் ஒருவன் வருவான் என்று அவர் எண்ணியிருக்கமாட்டார் போலும்.

எந்த மொழியில் பேச?

ஆங்கிலமோ இந்தியோ என்ற நிபந்தனை சிலருக்குச் சிறிதாகத் தோன்றலாம். எனக்கு அதுவே பெரிது. நான் அரபியில் கிதாபு ஓதியவன், தமிழில் சிந்திப்பவன். கோடிக்கணக்கானோர் பேசும் மொழியொன்றில் ஒரு குடிமகன் தன் தாயின் மையவாடியைப் பற்றிச் சொல்ல வழியில்லையென்றால், அவனை அழைத்தது எதற்கு?

இதை நான் மட்டும் கேட்கவில்லை. 2020ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை வெளிவந்தபோதும் இதே குறை எழுந்தது. நீதிமன்றம் சென்றனர். அவ்வாண்டு ஜூன் 30 அன்று தில்லி உயர்நீதிமன்றம், அரசியல் சாசனத்தின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் வரைவை மொழிபெயர்த்து வெளியிடுமாறு ஆணையிட்டது. மீனவரையும் உழவரையும் பாதிக்கும் விதியை அவர்கள் படித்தறிய வேண்டாமா என்பது வழக்கின் சாரம்.

மொழிபெயர்க்கப் பெருஞ்செலவு, காலதாமதம் என்பார்கள். அப்படியாயின் 2022 ஜூலையில் 'பாஷிணி' என்று பெயர்சூட்டி அரசே ஒரு மொழிபெயர்ப்புத் திட்டத்தைத் தொடங்கியதே, அது எதற்கு? இந்திய மொழிகளுக்கிடையே உள்ள சுவரைக் கணிப்பொறியால் தகர்ப்பதே அதன் நோக்கமென்று அரசே சொன்னது. அச்சுவர்களுள் ஒன்று தமிழனின் மடலுக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே நிற்கிறது. தகர்க்கும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டே சுவரைக் காத்து நிற்பதை என்னவென்பது?

"கோடி பேருக்கு எப்படி விடை சொல்வது?"

இது எதிர்வாதம் செய்வோரின் வலுவான கேள்வி. மதித்து விடையளிக்கிறேன். கோடி மடலுக்குக் கோடி விடை வேண்டியதில்லை. மடல் கோடியாயினும் வாதங்கள் சிலவே இருக்கும். இன்ன வாதம் வந்தது. இன்ன காரணத்தால் ஏற்றோம். இன்ன காரணத்தால் தள்ளினோம் என்று, கேட்கப்பட்டவர் படிக்கும் மொழியில், ஒரு சிறு நூல் வெளியிட்டாற் போதும். கூட்டுக்குழுவின் அறிக்கையில் வாதங்களும் அமைச்சக விளக்கங்களும் இடம்பெற்றுள்ளன என்று படித்தோர் சொல்கின்றனர். அதைத் தமிழில் நான் கண்டதில்லை. என் பெயரில் மடல் வாங்கியவர் எவரும் எனக்கொரு வரி எழுதவுமில்லை.

பிற நாடுகளில் இது நடக்கிறது. தைவான் அரசு 2015இல் திறந்த இணையத்தளத்தில் ஒரு கோரிக்கைக்கு 5,000 பேர் ஆதரவு சேர்ந்தால் உரிய அமைச்சகம் விடையளித்தாக வேண்டும். அதே ஆண்டில் அங்கே ஊபர் வாடகைக் கார்களைப் பற்றிப் பூசல் எழுந்தபோது, மக்கள் கூற்றுகளைக் கணிப்பொறி கொண்டு வகைப்படுத்தி, எவ்வெவற்றில் மாறுபட்டோரும் ஒன்றுபடுகின்றனர் என்று கண்டறிந்தனர். கருவி அங்கே ஈக்களை எண்ணவில்லை, தேனைத் தேடியது.

பிரிட்டனில் நாடாளுமன்றக் கோரிக்கைத் தளம் உண்டு. 10,000 கையொப்பம் சேர்ந்தால் அரசு எழுத்தில் விடை தரும். 1,00,000 சேர்ந்தால் நாடாளுமன்ற விவாதத்துக்குப் பரிசீலிக்கப்படும். 2019இல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறும் முடிவைக் கைவிடுமாறு 60 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே ஒப்பமிட்டனர். அரசு முடியாதென்றது, ஏப்ரல் 1 அன்று விவாதமும் நடந்தது. கேட்டது கிடைக்கவில்லை. ஆயினும் முகத்துக்கு நேரே 'முடியாது' என்ற சொல் கிடைத்தது. இல்லை என்று சொல்வதும் ஒரு மரியாதை. கேட்காததுபோல் கடந்து செல்வதே அவமதிப்பு.

பிறநாட்டைப் பார்க்க வேண்டாம் என்பாருக்கு உள்நாட்டுச் சான்றும் தருகிறேன். 2014இல் ஒன்றிய அரசே ஒரு கொள்கை வகுத்தது. அமைச்சகங்கள் சட்ட வரைவைக் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். எளிய மொழியில் விளக்கம் சேர்க்க வேண்டும். வந்த கருத்துகளின் சுருக்கத்தைத் தம் இணையத்தளத்தில் வெளியிட வேண்டும் என்பன அதன் அம்சங்கள். நல்ல கொள்கை, ஆனால் சட்டமன்று, மீறினால் கேட்பாரில்லை. நாடாளுமன்றக் குழுவை அது கட்டுப்படுத்தாதுதான். ஆயினும் அரசு தன் அமைச்சகங்களுக்கு வகுத்த அளவு 30 நாளாயிருக்க, தலைமுறைகளின் அறக்கொடைகளைப் பற்றிப் பேச 15 நாள் போதுமா? 2016 மே மாதத்தில் உச்சநீதிமன்றமும், தொலைத்தொடர்பு வழக்கொன்றில், விதிகள் இயற்றுமுன் மக்களைக் கலந்து காரணம் காட்டும் முறைக்கு நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்யலாமென்று எடுத்துரைத்தது. அச்சட்டத்துக்காகவே நாம் குரலெழுப்ப வேண்டும்.

நம் பங்கு

இனி நம் முதுகைப் பார்ப்போம்.

சுவரில் சதுரத்தை ஒட்டியோர் நல்லெண்ணத்தில் ஒட்டினர், அவர்களைப் பழிக்கேன். ஆங்கிலமறியா மக்களுக்கு 15 நாளில் வேறு வழி இல்லையென்பதும் மெய்யே. ஆனால் ஒரே மடல் இலட்சம் பெயரில் செல்லும்போது, படிப்பவர் ஒன்றைப் படித்து மற்றவற்றை எண்ணத்தானே செய்வார்? எண்ணத்தக்கதை அனுப்பிவிட்டு, எண்ணினார்களே என்று அழுவதில் நியாயமில்லை.

அமெரிக்காவில் நடந்தது நமக்கு எச்சரிக்கை. 2017இல் அங்கே இணையச் சமநிலை பற்றித் தொலைத்தொடர்பு ஆணையம் கருத்துக் கேட்டபோது 2 கோடியே 20 இலட்சம் கருத்துகள் வந்தன. நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் 2021இல் வெளியிட்ட ஆய்வு, அவற்றுள் ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் பொய்ப்பெயரிலோ பிறர் பெயரிலோ வந்தவை என்றது. தொழில் நிறுவனங்கள் தூண்டிய போலிகளும் உண்டு. ஒரே கல்லூரி மாணவர் அனுப்பிய 77 இலட்சமும் உண்டு. நம் மடல்கள் அத்தகைய போலிகள் அல்ல. உண்மையான மனிதர்கள் உண்மையான கவலையோடு அனுப்பியவை. ஆனால் வார்ப்பில் ஊற்றிய மடலுக்கும் போலி மடலுக்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு குறைவு. அந்த ஐயத்தைக் கிளப்ப விரும்புவோர்க்கு நாமே வசதி செய்து கொடுக்கலாமா?

"2015இல் தொலைத்தொடர்பு ஆணையத்துக்குப் பத்து இலட்சத்துக்கும் மேலான வார்ப்பு மடல்கள் சென்றன, 2016 பிப்ரவரி 8 அன்று வெற்றியும் கிட்டியதே" என்று ஒரு நண்பர் மறுத்தார். உண்மை. அங்கே ஆணையத்தின் சட்டமே வெளிப்படைத்தன்மையைக் கடமையாக்கியிருந்தது. மடல்களை வெளியிட்டனர்; விதியோடு காரணங்களையும் எழுதினர். விடை சொல்லும் கடமை உள்ளவரிடம் வார்ப்பு மடலும் பயன்படலாம். அக்கடமை இல்லாதவரிடம் சொந்தச் சாட்சியமே ஓரளவேனும் நிற்கும்.

என் மனைவியின் கேள்விக்குத் திரும்புகிறேன். சதுரம் ஒட்டப்பட்ட இடம் ஜும்ஆ பள்ளியின் சுவர். எங்கள் ஊரில் பெண்கள் அங்கே வருவதில்லை. மையவாடியின் கதையை நன்கறிந்தவளோ வீட்டில் இருந்தாள். ஹுதைபிய்யாவில் உடன்படிக்கை முடிந்து, தோழர்கள் துயரத்தால் பலியிடவும் முடிகளையவும் எழாதிருந்தபோது, அண்ணலார் (ஸல்) அவர்கள் யாரிடம் சென்று வருந்தினார்கள்? அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம். எவரோடும் பேசாமல் தாங்களே முதலில் பலியிட்டு முடி களையுங்கள் என்று அன்னையார் சொன்ன யோசனைதான் அந்நாளைக் காத்தது. அந்த ஸுன்னத்தை நாம் எங்கே தொலைத்தோம்?

உஹதையும் எண்ணிப் பாருங்கள். மதீனாவிலேயே தங்கிப் போரிடலாமென்பது பெருமானாரின் விருப்பம். வெளியே செல்வோமென்று தோழர் பலர் விரும்ப, அவர்கள் கருத்தே ஏற்கப்பட்டது. துன்பம் நேர்ந்தது. அதன் பின்னரும், அவர்களை மன்னித்து, காரியங்களில் அவர்களோடு ஆலோசனை செய்யுமாறே ஆலஇம்ரான் அத்தியாயத்தின் 159ஆம் வசனம் கட்டளையிட்டது. ஷூராவின் பெயரால் ஓர் அத்தியாயமே உடைய வேதம் நம்முடையது. அரசிடம் ஷூராவை வேண்டும் நாம், நம் மஹல்லாக்களில் அதை நடத்துகிறோமா? ஜமாஅத் வரவு செலவு ஊரறிய வாசிக்கப்படுகிறதா? ஏழை ஒருவர் எழுந்து கேட்டால் விடை கிடைக்கிறதா? நம் வீட்டுக் குடத்து ஓலையையே படிக்காத நாம், தில்லிக் குடத்தைக் குறைகூறும்போது குரல் தழுதழுக்கத்தான் செய்யும்.

செய்ய வேண்டியவை

ஆள்வோரிடம் நாம் வேண்டுவன மூன்று. எட்டாம் அட்டவணை மொழி எதில் எழுதினாலும் ஏற்க வேண்டும். கருத்துக் கேட்டபின் வாதங்களையும் விடைகளையும் அம்மொழிகளிலேயே வெளியிட வேண்டும். இவ்விரண்டையும் கொள்கையாக விடாமல் சட்டமாக்க வேண்டும். இவை முஸ்லிம்களுக்கான சலுகைகள் அல்ல. மீனவருக்கும், மலைவாழ் மக்களுக்கும், நெசவாளருக்கும் உரிய நியாயங்கள். அவர்களோடு சேர்ந்தே இதை நாம் கேட்க வேண்டும்.

நமக்கு நாமே விதித்துக்கொள்ள வேண்டியது ஒன்று. அடுத்த அறிவிப்பு வரும்போது, ஒவ்வொரு மஹல்லாவிலும் மக்தப் ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் அமர்ந்து, வீடு வீடாகச் சென்று, ஆண்களையும் பெண்களையும் கேட்டு, அவரவர் சொந்தச் செய்தியைத் தமிழில் எழுதி வாங்கட்டும். ஆங்கிலம் வேண்டுமென்றால் மாணவர்கள் பெயர்த்து, மூலத்தையும் இணைக்கட்டும். அனுப்பியதன் படியொன்று ஜமாஅத் ஏட்டில் இருக்கட்டும். அத்தகைய நூறு மடல்கள், நூறாயிரம் வார்ப்புகளைவிட எடை மிகுந்தவை.

என் மனைவி சொல்லச் சொல்ல எங்கள் மையவாடியின் வரலாற்றை இப்போது எழுதி முடித்திருக்கிறேன். ஐந்து பக்கம் வந்திருக்கிறது. யார் கேட்பார்களென்று தெரியாது. கேட்கும் நாள் வந்தால், இம்முறை என் பெயரில் என்ன சென்றது என்பதை நான் அறிந்திருப்பேன்.

கேட்கப்படுவோர்க்குச் சொல்லும் நாவையும், கேட்போர்க்கு விடை கூறும் நேர்மையையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.